பதினோரு இடங்களில் மருந்து

கீழ்பென்னாத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆட்டோ பிடித்துப் போய், வேலைக்கு வந்த பண்ணை வீட்டு வாசலில் பையை இறக்கி வைத்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. நிலத்துக்காரம்மா கேட்டார்: "அக்கா, டீ குடிச்சிட்டு அப்படியே கொல்லைக்குப் போயிட்டு வந்துடலாமா?"

நான் மன்னார்குடிப் பக்கம். எங்கள் ஊரில் கொல்லைக்குப் போவது என்றால் ஒரே அர்த்தம்தான். அதற்கு யாரும் துணைக்கு ஆள் கூப்பிடுவதில்லை. "வேணாங்க, நான் பஸ் ஸ்டாண்டுலயே போயிட்டுதான் வந்தேன்" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளுக்குத்தான் முதலில் விளங்கியது. அவர் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த முறம் கவிழ்ந்து பருப்பெல்லாம் தரையில் ஓடியது. "அய்யோ, இந்தம்மா இன்னா நெனச்சிடுச்சு பாரேன்!"

அந்தப் பக்கத்தில் கொல்லை என்றால் மேட்டு நிலம். நெல் போட்டால் கழனி, நிலக்கடலை போட்டால் கொல்லை. நிலக்கடலைக்குப் பெயர் மல்லாட்டை. மூன்றையும் அன்றைக்கு ஒரே மூச்சில் கற்றுக்கொண்டேன்.

எனக்கு வெட்கத்தைவிட எரிச்சல்தான் ஜாஸ்தியாக இருந்தது. நான் இருபத்தாறு வருடம் ஒரு நாளிதழில் பிழை திருத்தியவள். இந்தச் சொற்களை அச்சுக்குப் போகவிடாமல் தடுத்ததே நான்தான். மாவட்ட நிருபர் 'கழனி' என்று எழுதி அனுப்பினால் 'வயல்' ஆக்குவேன். 'மல்லாட்டை' என்று வந்தால் 'நிலக்கடலை'. கொல்லையில் வேலை செய்துகொண்டிருந்த பெண்ணைப் பாம்பு கடித்தது என்று வந்த செய்திகளில், அந்தப் பாம்பை எத்தனை தடவை வீட்டின் பின்புறத்துக்குக் கொண்டுபோய் விட்டேனோ தெரியாது. ஒருவரும் கேட்டதில்லை. கடிபட்டவர்கள் பேப்பர் படித்திருக்க மாட்டார்கள்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது ஒரே ஒரு தீர்மானம் எடுத்திருந்தேன். இனிமேல் எவர் பேச்சையும் திருத்துவதில்லை. யார் வாயில் என்ன வருகிறதோ அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். இதைச் சொன்னபோது என் தம்பி மனைவி, "அதுக்கு நீங்க வாய மூடிட்டு இருந்தாலே போதும் அண்ணி" என்றாள். அவளுக்கு என்னை நன்றாகத் தெரியும்.

ஊர் சுற்றிக்கொண்டே இயற்கைப் பண்ணைகளில் வேலை செய்வது என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் உழைத்தால் தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு. பெரும்பாலும் இருபது வயதுக்காரர்கள் வருகிறார்கள். நான் ஐம்பத்திரண்டு வயதில் போனேன். முதல் பண்ணை தருமபுரிப் பக்கம். அங்கே மண்வெட்டியைவிட யோகா பாய்கள் அதிகம். இரண்டாவது திண்டுக்கல் பக்கம். அந்தப் பண்ணைக்காரர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தினமும் சிறுதானியத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசுவார், பேசி முடித்தால்தான் சோறு. பத்தாம் நாள் முதுகுவலி என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கார்த்திகை தீபக் கூட்டம் வடிந்த பிறகு திருவண்ணாமலைக்கு வந்து, ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தபோது, ஒரு காபிக் கடையின் அறிவிப்புப் பலகையில் கையால் எழுதிய துண்டுச்சீட்டு ஒன்றைப் பார்த்தேன். மேலேயும் கீழேயும் தியான வகுப்பு, புல்லாங்குழல் வகுப்பு, வாடகை ஸ்கூட்டர். நடுவில்: 'இயற்க்கை பண்ணை. உதவி தேவை. சைவம். மாலை ஆறு மணிக்கு மேல் சாப்பாடு கிடையாது.' இயற்கையில் ஒரு க் அதிகமாக இருந்தது. கை பரபரத்தது. பேனாவை எடுக்காமல் போனை எடுத்துக் கூப்பிட்டேன்.

அவர்கள் நயினார் வீடு, தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், கிழங்கு வகை சமையலில் கிடையாது. நிலத்துக்காரம்மா ஐந்தே முக்காலுக்குக் களியும் கீரைக் கடைசலும் போட்டு, ஆறு மணிக்கு அடுப்படியைக் கழுவிவிடுவார். பத்திரிகை ஆபீஸில் ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டா தின்று வளர்ந்த வயிறு இது. முதல் வாரம் முழுக்கப் பசித்தது, அதற்குப் பிறகு பழகிவிட்டது.

நிலத்துக்காரம்மாவுக்கு நாற்பத்து நாலு வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். பத்தாவது வரை படித்திருந்தார். இரண்டு ஏக்கர் கழனி, ஒன்றரை ஏக்கர் கொல்லை. வீட்டுக்காரர் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். மாதம் இரண்டு தடவை வருவார். வந்தால் நிலத்துப் பக்கம் போகமாட்டார், வாசலிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நல்ல மனிதர்தான். ஆனால் நிலத்தை விற்றுவிட வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். ரோடு ஓரமாக அடுத்த ஊர் வரைக்கும் வண்ணக் கொடி கட்டி, கல் நட்டு, பிளாட் போட்டுக்கொண்டே வந்திருந்தார்கள். புரோக்கர் வெள்ளை காரில் இரண்டு தடவை வந்து போயிருந்தான்.

அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. அது ஊருக்கே தெரியும், எனக்கும் மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. மூன்று வருடம். ரசாயனம் தொடாமல் மூன்று வருடம் பயிர் வைத்தால் இயற்கை விவசாயச் சான்று கொடுப்பார்கள். அந்தச் சான்று வந்துவிட்டால் நிலத்தைப் பற்றி வீட்டுக்காரர் வாயே திறக்கமாட்டார். வராவிட்டால் அந்த அம்மாள் வாயே திறக்கக்கூடாது. பிளாட்டுக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். "பேப்பர் வரட்டும், நான் பேசினா கேளு" என்று வீட்டுக்காரர் என் முன்னாலேயே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. நான் போனது மூன்றாவது வருடத்தின் கடைசி இரண்டு மாதத்தில்.

முறத்தைக் கவிழ்த்த அம்மாளை நான் டேங்க் அக்கா என்று கூப்பிட்டேன். என் வயதுதான். அந்த ஊரில் தெளிப்பு டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடக்கிற ஒரே பெண் அவர்தான். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. நான் எந்நேரமும் நோட்டும் பேனாவுமாக இருந்ததால் எனக்கு டீச்சரம்மா என்று பெயர் வைத்துவிட்டார். டீச்சர் இல்லை என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். "எழுதறவங்கல்லாம் டீச்சருதான், போ" என்றார்.

வாரத்தில் மூன்று நாள் ரமணாசிரமத்துப் பக்கமிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் ஸ்கூட்டரில் வருவாள். வெள்ளைப் பருத்தி உடுப்போடு சேற்றில் இறங்குவாள். மாட்டுக்கு வணக்கம் வைப்பாள். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, என்னைவிட நன்றாக வேலை செய்வாள்.

எங்கள் மூன்று பேருக்கும் முக்கியமான வேலை ஒன்று இருந்தது. புங்க மரத்தடியில் ஒரு நீல டிரம். ஆடு தின்னாத இலை, ஒடித்தால் பால் வருகிற இலை என்று பார்த்துப் பார்த்து ஐந்து வகை பறித்து வருவோம். வேம்பு, நொச்சி, எருக்கு, ஆடாதோடை, புங்கன். அதை இடித்து மாட்டுக் கோமியத்தில் ஊறப் போட்டுத் தினமும் கலக்கிவிட வேண்டும். பதினைந்து நாளில் அது ஊறி ஒரு நாற்றம் நாறும் பாருங்கள், குளித்த பிறகும் கையிலேயே இருக்கும். பழைய வேட்டியில் வடிகட்டித் தண்ணீர் சேர்த்துத் தெளித்தால் இலைச்சுருட்டுப் புழு அண்டாது.

அந்த டிரம்மில் இருந்த சரக்குக்கு மூன்று பெயர். வெள்ளைக்காரப் பெண் அதை டீ என்பாள், ஏனென்று அவளுக்குத்தான் தெரியும். நிலத்துக்காரம்மா கரைசல் என்பார். டேங்க் அக்கா மருந்து என்பார். "டீச்சரம்மா, இன்னிக்கி கழனிக்கு மருந்து அடிச்சிடலாமா?" "எட்டு டேங்க் மருந்து ஆச்சு, எழுதிக்கோ."

இங்கேதான் என் கெட்டிக்காரத்தனம் உள்ளே வருகிறது.

சான்று கொடுக்கிறவர்கள் பண்ணை நாட்குறிப்பு என்று ஒன்று கேட்பார்கள். என்றைக்கு எந்த நிலத்தில் என்ன செய்தோம் என்று தினம் எழுதி வைக்க வேண்டும். நிலத்துக்காரம்மாவுக்கு எழுதுவது என்றாலே வேப்பங்காய். நான் பத்திரிகை ஆபீஸில் இருந்தவள் என்று தெரிந்ததும் புதிதாக ஒரு நீள நோட்டை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டார். "நீங்களே எழுதிடுங்க அக்கா. நான் எழுதினா எனக்கே புரியாது." நானும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். இருபத்தாறு வருடம் அடுத்தவர் எழுதியதைத் திருத்தியவளிடம் எழுது என்று ஒருவர் சொன்னால் வேண்டாம் என்றா சொல்லத் தோன்றும்?

என் தீர்மானப்படி, அவர்கள் பேசுகிற சொல்லிலேயே எழுதினேன். வரப்புக்கு அண்டை வெட்டினோம். ஏர் ஓட்டினோம். கொல்லையில் மல்லாட்டை போட்டோம். கழனிக்கு மருந்து அடித்தோம். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் எனக்கே பெருமையாக இருந்தது. வயல் என்று ஓர் இடத்தில்கூட இல்லை. கரைசல் என்ற சொல்லை யோசித்துப் பார்த்து வேண்டாம் என்று விட்டேன். அது பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்த சொல், அந்த அம்மாள் ஒப்பிக்கிறார் என்று எனக்குள் முடிவு கட்டியிருந்தேன். மருந்துதான் மண்ணில் வளர்ந்த சொல்லாம்! அந்தக் கர்வத்தை இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நிலத்துக்காரம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் நோட்டில் கையெழுத்துப் போடுவார். படிக்கமாட்டார். "படிச்சிட்டுப் போடுங்க" என்று ஒரு தடவை சொன்னேன். "நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும் அக்கா" என்று போட்டுவிட்டுப் போனார்.

வேறு சில விஷயங்களும் என் கண்ணில் பட்டிருந்தன. டிரம்மைப் புங்க மரத்தடியில் வெயிலில் வைக்காமல் பம்ப் செட் ரூமில் வைக்கலாமே என்று ஒருநாள் கேட்டேன். அந்த ரூம் காலியாகத்தான் இருந்தது. உள்ளே மோட்டாரையும் சுவிட்ச் பலகையையும் தவிர ஒரு சாமான் கிடையாது. "அங்க எதுவும் வெக்கறதில்லக்கா" என்றார். நாற்றத்துக்காக என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு ஜுரம் வந்த அன்று, "மாத்திரை போட்டீங்களா, சிரப்பு ஏதாவது வாங்கியாரட்டா" என்று நாலு தடவை கேட்டார். ஒரு சொல் அவர் வாயில் வருவதே இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. டேங்க் அக்காவும் அந்தச் சொல்லை என்னிடம் மட்டும்தான் சொல்வார், அந்த அம்மாள் எதிரில் "அதை அடிச்சாச்சும்மா" என்று நிறுத்திக்கொள்வார் என்பதையும் கவனிக்கவில்லை. ஒரு ஒற்றுப்பிழையைப் பத்தடி தூரத்திலிருந்து பிடிக்கிறவள் நான்.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சான்றுக்காரர் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். பைக்கில் வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, மோர் வேண்டாம் தண்ணீர் போதும் என்றார். மரியாதையான பையன். புங்க மரத்தடியில் நாற்காலி போட்டோம். "பேப்பர்ல பிழை பாத்தவங்க சார், இவங்கதான் எழுதினது" என்று நிலத்துக்காரம்மா நோட்டை நீட்டினார். அவர் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். இரண்டாவது பக்கத்தில் அவர் விரல் நின்றது. பிறகு மூன்றாவதில். பிறகு பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்து, விரல் நின்ற இடத்திலெல்லாம் மெல்லிசாகக் கோடு போட்டுக்கொண்டே போனார். நான் ஆபீஸில் இருபத்தாறு வருடம் செய்த அதே வேலை.

"பதினோரு எடத்துல மருந்து அடிச்சதா இருக்கேம்மா" என்றார்.

நிலத்துக்காரம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கோபமாக இருந்தால்கூடத் தேவலை. புரியாமல் பார்த்தார்.

"அது இந்த டிரம்தான் சார்," என்று நான் முந்திக்கொண்டேன். "இலைக் கரைசல். இங்க பேச்சு வழக்குல அப்படித்தான் சொல்லுவாங்க."

"எனக்குத் தெரியுது மேடம், நானும் இந்தப் பக்கத்து ஆளுதான். எங்க அப்பாவும் எல்லாத்துக்கும் மருந்துன்னுதான் சொல்வாரு. ஆனா ஃபாரத்துல மருந்துன்னா ரசாயனம். இதுக்கு பூச்சிவிரட்டின்னோ கரைசல்னோ எழுதியிருக்கணும்." அவர் டேங்க் அக்காவிடம் திரும்பினார். "நீங்கதானே தெளிக்கிறது? என்னா தெளிச்சீங்க?"

டேங்க் அக்கா பாவம், பொய் சொல்லத் தெரியாதவர். "மருந்துதான் சார்" என்றார். சொன்ன பிறகுதான் உறைத்தது. பதறிப்போய், "அய்யோ, அந்த மருந்து இல்ல சார்! எலைய இடிச்சி ஊற வெக்கறதுதான். ஒண்ணும் பண்ணாது சார். வேணும்னா ஒரு சொம்பு மொண்டு இப்பவே குடிச்சிக் காட்டட்டா?" என்று டிரம்மை நோக்கி நடந்தார்.

"வேணாம்!"

நிலத்துக்காரம்மா கத்திய கத்தலில் கொக்குகள் கழனியை விட்டு எழுந்தன. நான் அவர் குரலை அந்த உயரத்தில் கேட்டதே இல்லை. டேங்க் அக்கா நின்ற இடத்திலேயே நாக்கைக் கடித்துக்கொண்டார். சான்றுக்காரர் நோட்டை மூடினார். பிறகு, "சரிம்மா, வரப்பைச் சுத்திப் பாத்துடலாம் வாங்க. இலை, மண்ணு, தண்ணி எல்லாம் சாம்பிள் எடுக்கணும்" என்று எழுந்தார். இரண்டு பேரும் கழனிப் பக்கம் போனார்கள்.

நானும் டேங்க் அக்காவும் மரத்தடியில் தனியாக நின்றோம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தப்பு என்னுடையது என்று தெரிந்தால் எனக்கு அடுத்தவர் மேல்தான் கோபம் வரும், அது என் பிறவிக் குணம். "ஏங்க, அந்த ஆளுகிட்டயும் மருந்து மருந்துன்னு சொல்லணுமா? கரைசல்னு சொன்னா வாய் வலிக்குமா?" என்று பொரிந்தேன்.

"நான் சொன்னேன், சரி. எழுதுனது யாரு? நான் படிச்சவளா நீ படிச்சவளா?"



டேங்க் அக்கா கழனிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "நானு அவங்க எதுர்ல அந்தப் பேச்சே பேச மாட்டேன் டீச்சரம்மா. இன்னிக்கி அவன் கேட்டதும் வாயில வந்துடுச்சு. குடிச்சிக் காட்டட்டான்னு வேற கேட்டுட்டேன் பாரு, என் புத்திய எதால அடிக்கறது." பம்ப் செட் ரூமை முகத்தாலேயே காட்டினார். "அவங்க கொழுந்தன் அங்கதான் மருந்து குடிச்சிட்டுக் கெடந்தான். நாலு வருசம் ஆவுது. மோட்டார் போடப் போன இவங்கதான் மொதல்ல பாத்தது. அவன் குடிச்சது கழனிக்கு அடிக்க இவங்களே வாங்கியாந்து வெச்ச டப்பா."

மோட்டாரைத் தவிர ஒன்றுமில்லாத அந்த ரூமைத் திரும்பிப் பார்த்தேன்.

"அதுக்கப்புறம் அந்தப் பேச்சு அவங்க வாயில வராது. அவங்க வீட்டுக்காரருக்கு நெலத்தப் பாக்கவே புடிக்கல, வித்துடலாம்னாரு. இவங்க, வாணாம், அந்த டப்பா இல்லாம நான் பயிர் வெச்சிக் காட்டறேன்னாங்க. அதான் இந்த மூணு வருசம்."

சான்று என்பது நல்ல விலைக்கு என்றும், உடம்புக்கு என்றும், அவர்கள் மதத்து வழக்கம் என்றும் நான் அதுவரை என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன். நாலைந்து வாரம் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன். ஏன் என்று ஒரு தடவை கேட்டதில்லை. அவர் கவனமாக எடுத்துவைத்த ஒரு சொல்லை ஒப்பிக்கிற சொல் என்று ஒதுக்கிவிட்டு, அவர் தொடாத சொல்லை அவர் நோட்டிலேயே பதினோரு தடவை அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அவர் கையெழுத்தும் கீழே இருக்கிறது. எனக்கு அந்த இடத்தைவிட்டு ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

சான்றுக்காரர் திரும்பி வந்து விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். மாதிரிகளைப் பரிசோதனைக்கு அனுப்புவார். அதில் ரசாயனம் இல்லை என்று வரும், அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது மட்டும் போதாது. நாட்குறிப்பில் இருப்பதற்கு எழுத்தில் விளக்கம் வேண்டும். இல்லாவிட்டால் தடை செய்த பொருளைப் பயன்படுத்தியதாகத்தான் அவர் குறிக்க முடியும். அப்படிக் குறித்தால் முதல் வருடத்திலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும்.

"இன்னும் மூணு வருஷமா?" என்றார் நிலத்துக்காரம்மா.

"ஆமாம்மா. அதனாலதான் சொல்றேன், ஒரு லெட்டர் குடுத்துடுங்க. நாட்குறிப்புல இந்த இந்த எடத்துல மருந்துன்னு எழுதினது நாங்களே செஞ்ச கரைசலைத்தான்னு. அடித்தல் திருத்தல் இல்லாம. நான் வெச்சு அனுப்பிடறேன்."

"நான் எழுதித் தரேன் சார். அவங்க கையெழுத்துப் போடட்டும்" என்றேன்.

"உங்க கையெழுத்துலதான் பிரச்சனையே ஆரம்பிச்சுது மேடம்" என்றார் அவர், கோபமில்லாமல். "விண்ணப்பம் அவங்க பேர்ல இருக்கு. அவங்க கைப்பட இருக்கணும்."

"அப்ப, 'அந்தச் சொல்'னு மட்டும் எழுதினாப் போதுமா?" என்று கேட்டேன்.

"எந்தச் சொல்லுனு மேல கேப்பாங்களே."

நிலத்துக்காரம்மா வீட்டுக்குள் போய் வெள்ளைத்தாள் கொண்டுவந்தார். நாட்குறிப்பை அடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்காராமல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசகத்தைச் சொன்னேன். 'எங்கள் பண்ணை நாட்குறிப்பில்' என்று எழுதினார். 'பதினோரு இடங்களில்' என்று எழுதினார். எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக, குண்டு குண்டாக இருந்தது. அங்கே பேனா நின்றது.

அடுத்த சொல்லை நான் சொல்லவில்லை. என்னால் முடியவில்லை. டேங்க் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு டிரம்மின் மூடியைச் சும்மாவே எடுத்து எடுத்து மூடிக்கொண்டிருந்தார். சான்றுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. "எழுதுங்கம்மா. மருந்து என்று…" என்று எடுத்துக்கொடுத்தார்.

நிலத்துக்காரம்மா தலையைத் தூக்கிக் கழனியைப் பார்த்தார். கதிர் பழுக்க ஆரம்பித்திருந்தது. நான் அவர் கையைத் தொட்டேன். "என்ன மன்னிச்சிடுங்க. தெரியாம எழுதிட்டேன்" என்றேன். அவர் என் கையை மெதுவாக விலக்கினார். "வெளிச்சம் மறைக்குது, கொஞ்சம் தள்ளிக்கோங்க அக்கா" என்றார்.

தள்ளி உட்கார்ந்தேன். அவர் எழுதினார். நாலே எழுத்துதான். ஒவ்வொரு எழுத்துக்கும் பேனாவை எடுத்து எடுத்து வைத்தார். அதை முடித்ததும் மிச்ச வாக்கியத்தை நான் சொல்லச் சொல்ல மளமளவென்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, தாளை நீட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

சான்றுக்காரர் படித்தார். ஓர் இடத்தில் நின்றார். தாளை என் பக்கம் திருப்பி விரலை வைத்துக் காட்டினார். "மேடம், இது சின்ன ரு தானே வரும்? பெரிய று போட்டிருக்காங்க."

'மறுந்து' என்று இருந்தது.

அடித்தல் திருத்தல் கூடாது என்று அவர்தான் சொல்லியிருந்தார். பிழை என்று நான் சொன்னால் இன்னொரு தாள் வரும். அந்த அம்மாள் முதலிலிருந்து எழுதுவார். அந்த இடத்தில் மறுபடியும் பேனா நிற்கும்.

"நீங்க பேப்பர்ல பிழை பாத்தவங்கதானே?" என்றார் அவர்.

"ஆமா சார், இருபத்தாறு வருஷம்," என்றேன். "இது சரியாத்தான் இருக்கு."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மாசி கடைசியில் சான்று வந்தது. கழனி இன்னும் கழனியாகத்தான் இருக்கிறது.